ரேடியோ வாத்தியார் சொன்ன 'மிக நன்று'

எல் சபோத்தால் ஊர்க் கோயிலில் சாயங்காலம் ஐந்திலிருந்து ஆறு வரை யார் செத்தாலும் மணி அடிப்பதில்லை. ரேடியோவின் ஏரியல் கம்பியை மணியின் நாக்கில்தான் கட்டியிருந்தார்கள். மணி அசைந்தால் பாடம் அறுந்துபோகும். ஆகவே சாகிறவர்கள் ஐந்துக்கு முன்னால் சாக வேண்டும், இல்லாவிட்டால் ஆறு வரை பொறுக்க வேண்டும். இதுவரை யாரும் தகராறு செய்ததில்லை.

திங்கள் முதல் வெள்ளி வரை அந்த ஒரு மணி நேரம் மறைமாவட்ட வானொலியில் பெரியவர்களுக்கான பள்ளிக்கூடம் நடக்கும். காபிப் பழம் பறித்துவிட்டு வருகிறவர்கள் கூடையை வாசலில் கவிழ்த்து வைத்து, காலைக் கழுவிக்கொண்டு உள்ளே வந்து உட்காருவார்கள். மொத்தம் பதினான்கு பேர். புனித அந்தோனியார் சுரூபத்துக்குக் கீழே ஆணியில் ரேடியோ தொங்கும். பாட்டரி வாரத்துக்கு ஒரு வீட்டு முறை. முன்வரிசையில் எப்போதும் இரண்டு பேர். ஒருவர் நசாரியோ, கழுதை ஓட்டுகிறவர். இன்னொருத்தி கசிமிரா மனுவேலெஸ்.

கசிமிராவுக்கு அப்போது வயது நாற்பத்தேழு. சின்ன வயதில் மூன்றாம் வகுப்பு வரை போனாள். நாலாவதும் ஐந்தாவதும் இந்த ரேடியோவில் முடித்தாள். இப்போது ஆறாவது. படிப்பு மேல் ஆசை என்று சொல்ல முடியாது. அவளுக்கு ஒரு சாவி வேண்டியிருந்தது.

கோயிலுக்குப் பக்கத்தில் அரசாங்கம் ஒரு சுகாதார அறை கட்டி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. வெள்ளைச் சுவர், தகரக் கூரை, உள்ளே ஒரு அலமாரி, அலமாரியில் ஒரு மருந்துப் பெட்டி. கதவில் பூட்டு. மருந்து கொடுக்க ஊரிலேயே ஒரு ஆளை நியமிப்பார்கள், ஆனால் அந்த ஆள் ஆறாம் வகுப்புச் சான்றிதழ் வைத்திருக்க வேண்டும். ஆறாவது முடித்த பிள்ளைகள் நாலு பேர் இருந்தார்கள். நால்வரும் சான் பெட்ரோ நகரத்து ஆலைக்குச் சட்டை தைக்கப் போய்விட்டார்கள். ஊர் கூடிப் பேசி கசிமிராவின் பெயரை எழுதிக் கொடுத்தது. பதில் வந்தது: ஜனவரி முடிவதற்குள் சான்றிதழ் காட்டாவிட்டால் அலமாரியும் பெட்டியும் மலைக்கு அந்தப் பக்கம் லா குவெஸ்தா ஊருக்குப் போய்விடும்.

பட்டணத்து ஆஸ்பத்திரிக்கு நாலு மணி நேர நடை. பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் கசிமிராவின் இரண்டாவது பெண்ணுக்கு வயிற்றுப்போக்கு கண்டபோது, தோளில் போட்டுக்கொண்டு அந்த வழியில் நடந்தாள். இரண்டாவது ஓடையைத் தாண்டும்போது குழந்தை கனக்கத் தொடங்கியது. இதை அவள் யாரிடமும் விவரித்ததில்லை. அந்த ஓடையைத் தாண்டும்போது மட்டும் சிலுவை போட்டுக்கொள்வாள். கூட வருகிறவர்கள், தண்ணீருக்குப் பயப்படுகிறாள் என்று நினைத்துக்கொள்வார்கள்.

ரேடியோவில் கணக்கு எடுக்கிறவர் பெலார்மினோ வாத்தியார். அவரை யாரும் பார்த்ததில்லை. குரலை வைத்துப் பார்த்தால் நன்றாகச் சாப்பிடுகிற மனிதர். அவர் ஒரு கேள்வி கேட்பார். பிறகு பத்து எண்ணும் நேரம் சும்மா இருப்பார். அந்த நேரத்தில் கேட்கிறவர்கள் உரக்கப் பதில் சொல்ல வேண்டும். பத்து முடிந்ததும் "மிக நன்று" என்பார். அதற்குப் பிறகு சரியான விடையைச் சொல்லி, எப்படி வந்தது என்று விளக்குவார்.

இந்தக் கடைசிப் பாகம் எல் சபோத்தாலுக்கு வந்து சேரவில்லை.

காரணம் பொழுது. முதலில் செபம், பிறகு மொழிப்பாடம், கணக்கு வரும்போது ஐந்து நாற்பது. மலையில் வெளிச்சம் இறங்கும் நேரம். இருட்டத் தொடங்கினால் எல்லைக்கு அந்தப் புறம், சால்வதோர் நாட்டிலிருந்து, வேறொரு வானொலி இந்த வானொலியின் மேல் ஏறிக்கொள்ளும். அதில் ஒரு சபைப் போதகர் பேசுவார். பெலார்மினோவுக்கும் போதகருக்கும் இழுபறி நடக்கும். பத்து எண்ணும் அமைதியில் போதகர் நன்றாக உள்ளே வந்து உட்கார்ந்துவிடுவார். "மிக நன்று" என்பதை பெலார்மினோ பலமாகச் சொல்வார், அது மட்டும் எப்படியோ தப்பி வந்துவிடும். அடுத்து விடை வர வேண்டிய இடத்தில், "சகோதரரே, உங்கள் இதயத்தைத் திறந்து வையுங்கள்" என்று வரும்.

பாடப் புத்தகத்தின் கடைசியில் விடைகள் அச்சாகியிருக்கும். ஆனால் பங்குச் சாமியார் அந்தப் பக்கங்களைக் கிழித்துவிட்டுத்தான் புத்தகம் அனுப்புவார். மனிதரைச் சோதனைக்கு உள்ளாக்கக்கூடாது என்பது அவர் எண்ணம். சனிக்கிழமைகளில் சந்தேகம் தீர்க்க வர வேண்டிய ஆசிரியர், மழையில் பாலம் போனதிலிருந்து வரவில்லை. பாலம் போனது ஜூன் மாதம். பின்னக் கணக்கு ஆரம்பித்ததும் ஜூன் மாதம்.

முதல் நாள் பெலார்மினோ கேட்டார்: "இரண்டில் ஒன்றும் நான்கில் ஒன்றும் கூட்டினால் எவ்வளவு?"

நசாரியோவுக்குக் குரல் பெரிது. கழுதைகளோடு பேசிப் பழகியது. மேலே இருப்பதை மேலேயும், கீழே இருப்பதைக் கீழேயும் கூட்டி, ஏழு எண்ணுவதற்குள், "ஆறில் ரெண்டு" என்றார். மற்றவர்களும் "ஆறில் ரெண்டு" என்றார்கள்.

"மிக நன்று" என்றார் பெலார்மினோ.

நசாரியோ தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார்.

பெலார்மினோவுக்குத் தங்கள் பதில் காதில் விழாது என்பது அவர்களுக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் படித்த மனிதர் ஒருவர், அதுவும் சாமியார்களின் ரேடியோவில், தினமும் மிக நன்று என்று சொல்லும்போது, அவர் பொய் சொல்கிறார் என்று நினைப்பது மரியாதையாக இருக்காது.

கசிமிராவுக்கு மட்டும் ஒரு நெருடல். அவள் வீட்டில் எட்டுப் பேருக்குச் சோள ரொட்டி தட்டுகிறவள். ஒரு சாயங்காலம் வகுப்பு முடிந்து கூடையைத் தலைக்கு ஏற்றும்போது கேட்டாள்:

"கொம்பாத்ரே, ஒரு சந்தேகம். உங்க கணக்குப்படி அரை ரொட்டியும் அரை ரொட்டியும் சேர்ந்தா நாலுல ரெண்டு வருது. நாலுல ரெண்டுன்னா அரை."

நசாரியோவின் கடைக்குட்டி லெயோனிலாவை ஞானஸ்நானத் தொட்டியில் ஏந்தியவள் கசிமிரா. அன்றிலிருந்து இருவரும் கொம்பாத்ரே, கொமாத்ரே என்றுதான் அழைத்துக்கொள்வார்கள்.

"ஆமா, அரை" என்றார் நசாரியோ.

"ரெண்டு அரை போட்டேன். ஒரு அரைதான் இருக்கு. மீதியை யாரு தின்னா?"

"அரசாங்கம்."

"விளையாடாதீங்க."

"கொமாத்ரே, அடுப்புக் கணக்கு வேற, நோட்டுக் கணக்கு வேற. அடுப்புல வாத்தியார் மிக நன்றுன்னு சொல்றாரா? சொல்லல இல்ல? அப்புறம் என்ன?"

வீட்டில் கணவன் தொரிபியோவிடம் சொன்னாள். அவன் பீன்ஸ் கிண்ணத்திலிருந்து தலையைத் தூக்காமல், "பரீட்சை வைக்கிறது அடுப்பா, அவங்களா? அவங்களுக்கு என்ன வேணுமோ அதை எழுது" என்றான்.

அவளுக்கும் அது நியாயமாகப் பட்டது. அன்றிலிருந்து அவளிடம் இரண்டு கணக்குகள் இருந்தன. ரொட்டிக்கு ஒன்று, நோட்டுக்கு ஒன்று. கோயிலுக்கு உடுத்தும் பாவாடையையும் தோட்டத்துக்கு உடுத்தும் பாவாடையையும் கலக்காத மாதிரி, இரண்டையும் கலக்காமல் வைத்துக்கொண்டாள்.

பரீட்சை டிசம்பர் முதல் ஞாயிறு, பட்டணத்துப் பள்ளிக்கூடத்தில். பதினான்கு பேரும் விடியலுக்கு முன்பே கிளம்பி நடந்தார்கள். இரண்டாவது ஓடையில் கசிமிரா சிலுவை போட்டுக்கொண்டாள். பூசை பார்த்துவிட்டு, குழந்தைகளுக்கான பெஞ்சுகளில் முட்டி மடங்காமல் பக்கவாட்டில் உட்கார்ந்து எழுதினார்கள்.

மொழிப்பாடம் சுலபம். கணக்குத் தாளில் பத்துக் கேள்வி. அதில் மூன்றாவது: இரண்டில் ஒன்றும் நான்கில் ஒன்றும் கூட்டுக. கசிமிரா மனதுக்குள் நோட்டுக் கணக்கைத் திறந்து, ஆறில் இரண்டு என்று எழுதினாள். பின்னக் கணக்கு எல்லாவற்றையும் அப்படியே எழுதினாள். ஏழாவது கேள்வியில் கை நின்றது. ஒரு நோயாளி காலையில் அரை மாத்திரையும் மாலையில் கால் மாத்திரையும் சாப்பிட வேண்டும். ஒரு நாளைக்கு மொத்தம் எவ்வளவு?

நசாரியோ எழுதி முடித்துவிட்டு ஜன்னல் வழியாகத் தன் கழுதையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கசிமிரா ஒரு 'அருள் நிறைந்த மரியே' செபம் சொன்னாள். பிறகு, முக்கால் என்று எழுதினாள்.

தாள்களைத் திருத்துகிறவர் ஒந்தினா என்கிற டீச்சரம்மா. பள்ளி மேற்பார்வை அலுவலகத்திலிருந்து வந்தவர், முப்பது வயதுக்கு மேலிருக்காது, கழுத்தில் கயிறு கட்டிய கண்ணாடி. பட்டணத்துக்கு இரண்டு முறை நடக்க வேண்டாம் என்று அன்றைக்கே உட்கார்ந்து திருத்தினார். எல்லோரும் மாமரத்தடியில் இலைக்குள் வெந்த சோள மாவைப் பிரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது வெளியே வந்து நின்றார்.

"எல் சபோத்தால் ஆளுங்க எல்லாரும் எழுந்திருங்க" என்றார். பதினான்கு பேரும் எழுந்தார்கள். "பதினாலு தாள்லயும் ஒரே தப்பு. ஒரே மாதிரி. ஒரே ஒரு தாள்ல ஒரே ஒரு விடையைத் தவிர பின்னக் கணக்கு எதுவும் மாறல. இப்படிக் காப்பியடிச்சதை நான் பார்த்ததே இல்ல. எல்லாத் தாளையும் ரத்து பண்றேன். அடுத்த வருஷம் வாங்க."

அடுத்த வருஷம் என்றால் மருந்துப் பெட்டி லா குவெஸ்தாவில். கசிமிரா கையிலிருந்த இலையை மடித்துப் பையில் வைத்தாள்.

"இதுல கசிமிரா மனுவேலெஸ் யாரு?"

"நான்தாங்க, டீச்சரம்மா."

"மூணாவதுக்கு என்ன எழுதியிருக்கீங்க? ஆறில் ரெண்டு. ஏழாவதும் அதே கணக்குதான். அரையும் காலும். அதுல முக்கால்னு எழுதியிருக்கீங்க. ஒண்ணு சொந்தம், ஒண்ணு காப்பி. எது காப்பி?"

"ரெண்டும் சொந்தம்தாங்க."

"அப்ப ஒரே கணக்குக்கு ரெண்டு விடை எப்படி வந்துச்சு?"

"மூணாவதுல நோயாளி யாரும் இல்லீங்க" என்றாள்.

ஒந்தினா கண்ணாடியைக் கழற்றினார்.

"அது சும்மா நம்பர். யாரும் முழுங்கப் போறதில்ல. அதனால வாத்தியார் சொன்ன மாதிரி எழுதினேன். ஏழாவதுல ஒரு ஆளு மாத்திரை முழுங்குறாரு. அவருக்குப் போயி ஆறில் ரெண்டு குடுக்க முடியுங்களா? பாவம் இல்லையா?"

"ஆறில் ரெண்டுன்னு எந்த வாத்தியார் சொன்னாரு?"

எல்லோரும் நசாரியோவைப் பார்த்தார்கள். அவர் தொப்பியைக் கழற்றினார். "நான்தான் சொன்னேன், டீச்சரம்மா. ஆனா பெலார்மினோ வாத்தியார் மிக நன்றுன்னாரு."

"எத்தனை தடவை?"

"ஜூன் மாசத்துலேர்ந்து."

ஒந்தினா தாள்களை ரத்து செய்யவும் இல்லை, திரும்பக் கொடுக்கவும் இல்லை. பைக்குள் வைத்துக்கொண்டு, "செவ்வாய்க்கிழமை நான் வர்றேன். உங்க வாத்தியாரை நானும் கேக்கணும்" என்றார்.

செவ்வாய்க்கிழமை நசாரியோ கழுதையோடு போய் ஒந்தினாவைக் கூட்டி வந்தார். கசிமிரா காபியும் வளைய பிஸ்கோத்தும் கொடுத்தாள். ஐந்து மணிக்கு எல்லோரும் கோயிலில் உட்கார்ந்தார்கள். ஒந்தினா முன்வரிசையில், நசாரியோவின் இடத்தில். நசாரியோ அதை மனதில் வைத்துக்கொள்ளாதவர் போல் இருந்தார்.

செபம் தெளிவாகக் கேட்டது. மொழிப்பாடமும் தெளிவு. ஒந்தினா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஐந்து நாற்பதுக்கு பெலார்மினோ வந்து, போன வாரப் பாடத்தைத் திருப்புவோம் என்று சொல்லி, மூன்றில் ஒன்றும் ஆறில் ஒன்றும் கூட்டினால் எவ்வளவு என்று கேட்டார். பத்து எண்ணும் அமைதி. யாரும் வாயைத் திறக்கவில்லை. நசாரியோகூடத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மிக நன்று" என்றார் பெலார்மினோ. "விடை என்ன என்றால்..."

"மனம் திரும்புங்கள் சகோதரரே, காலம் குறுகியது" என்றார் போதகர்.

போதகர் பதினொரு நிமிஷம் பேசினார். நல்ல பேச்சுதான். கெட்டுப்போன பிள்ளை ஒருவன் வீடு திரும்பியதைப் பற்றி. நடுவில் பெலார்மினோ ஒரு முறை, "இப்போது புரிந்திருக்கும்" என்று சொன்னது மட்டும் கேட்டது. ஆறு மணிக்கு ரேடியோவை அணைத்தார்கள். ஒந்தினா அந்தோனியார் சுரூபத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"நாம யாரும் வாயே திறக்கல" என்று நசாரியோ மெதுவாகச் சொன்னார். "அதுக்கும் மிக நன்றுன்னுட்டாரு."

"அவரு எல்லாருக்கும் சொல்றாரு, கொம்பாத்ரே" என்றாள் கசிமிரா. "தப்பா நினைக்காதீங்க. தைரியத்துக்குச் சொல்றது."

"ஆறு மாசம், கொமாத்ரே. எனக்குன்னுதான் நினைச்சுக்கிட்டிருந்தேன்."

ஒந்தினா, சனிக்கிழமை கணக்குக்கு மட்டும் புதுத் தாள் வைப்பதாகச் சொன்னார். இடையில் மூன்று நாள். தான் தங்கிச் சொல்லிக்கொடுக்க முடியாது, நாளைக்கு வேறு மலை. அப்படியானால் யார் சொல்லிக்கொடுப்பது என்று கேட்டார்கள். ஒந்தினா கசிமிராவைப் பார்த்து, "உங்க முக்கால் எப்படி வந்துச்சுன்னு காட்டுங்க" என்றார். கசிமிரா வீட்டுக்கு ஓடி ஒரு சோள ரொட்டி கொண்டுவந்து, அரை கிழித்தாள், கால் கிழித்தாள், பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். "அரையை ரெண்டாக் கிழிச்சா ரெண்டு கால். இதோட இன்னொரு கால். எல்லாம் ஒரே அளவுத் துண்டு ஆனதுக்கு அப்புறம்தான் எண்ணணும்."

"இதுதான் பாடம். இதுக்கு மேல ஒண்ணும் இல்ல" என்றார் ஒந்தினா.

அந்த மூன்று நாளும் எல் சபோத்தாலில் முழு ரொட்டி யாரும் சாப்பிடவில்லை. தொரிபியோ ஒரு துண்டைத் தூக்கிப் பார்த்து, "இது என்ன, எட்டுல ஒண்ணா? என் பசி எட்டுல எட்டு" என்றான். சனிக்கிழமை மறுபடி நாலு மணி நேரம் நடந்து, எழுதிவிட்டு, நாலு மணி நேரம் திரும்பி வந்தார்கள்.

முடிவுகளை ரேடியோவில் வாசிப்பார்கள் என்று சொல்லியிருந்தார்கள். யாருக்குக் கடிதம், யார் வீட்டுக்கு யார் வருகிறார்கள், எந்த மாடு காணவில்லை என்று ஊர்ச் செய்திகள் வாசிக்கிற நேரத்தில். விடுமுறைக்குப் பாடம் நின்றிருந்ததால் அதுவும் ஐந்தே முக்காலுக்குத்தான். வியாழக்கிழமை கோயில் நிறைந்துவிட்டது. ஒவ்வொரு ஊராக வந்தது. வெளிச்சம் இறங்கிக்கொண்டிருந்தது. "எல் சபோத்தால்" என்றார் வாசிக்கிறவர். "கசிமிரா மனுவேலெஸ்..."

"கதவு திறந்திருக்கிறது சகோதரியே, ஏன் வெளியே நிற்கிறாய்" என்றார் போதகர்.

பின்னாலிருந்து தொரிபியோ, "அவரு வேற சபை. அதைக் கணக்குல எடுத்துக்க முடியாது" என்றான்.

"கடவுள் சபை பார்த்தா பேசுறாரு?" என்றாள் கசிமிரா. ஆனாலும் அவள் அதை மட்டும் நம்பி உட்காரவில்லை. விடிந்ததும் பட்டணத்துக்கு நடந்தாள். பங்குக் கோயில் கதவில் தாள் ஒட்டியிருந்தது. விரலை வைத்துத் தேடினாள். எழுபத்தொன்று. தேர்ச்சிக்கு அறுபது. பதினான்கு பேரில் பதினொரு பேர் தேறியிருந்தார்கள். நசாரியோ ஐம்பத்தெட்டு. அவள் உள்ளே போய் ஒரு அரை மெழுகுவர்த்தி வாங்கி ஏற்றினாள், அதற்குத்தான் காசு இருந்தது. நசாரியோவின் மதிப்பெண்ணை எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் யோசித்து, கடைசியில் இரண்டு குறைகிறது என்று மட்டும் சொன்னாள். அவர், "ஆறில் ரெண்டா?" என்று கேட்டார்.

ஜனவரி இருபதாம் தேதி சாவி வந்தது. ஒந்தினா எழுதிப் போட்டதாலோ என்னவோ, அந்த வருஷத்திலிருந்து கணக்கைச் செபத்துக்கு அடுத்தபடியாக, வெளிச்சம் இருக்கும்போதே வைத்தார்கள். மொழிப்பாடம் ஐந்து நாற்பதுக்குப் போனது. அதனால் இப்போது எல் சபோத்தாலில் வினைச்சொற்கள் மட்டும் கொஞ்சம் பக்தியோடு வரும்.

பிப்ரவரியில் ஒரு காலை, நசாரியோ லெயோனிலாவைத் தோளில் போட்டுக்கொண்டு சுகாதார அறைக்கு வந்தார். ஐந்து வயது, உடம்பு கொதித்தது. கோயிலிலிருந்து முப்பது தப்படி. கசிமிரா கதவைத் திறந்து, குழந்தையைப் பெஞ்சில் படுக்கவைத்து, நெற்றியில் ஈரத் துணி போட்டாள். பெட்டியில் ஒட்டியிருந்த தாளை இரண்டு முறை வாசித்தாள். மாத்திரையை அரையாக உடைத்து, அதில் ஒன்றைக் காலாக உடைத்தாள்.

"இப்ப அரை. சாயங்காலம் கால். அதுக்கு மேல குடுக்கக்கூடாது. மொத்தம் எவ்வளவு, கொம்பாத்ரே?"

நசாரியோ மேசை மேலிருந்த துண்டுகளைப் பார்த்தார். அரைத் துண்டை மனதுக்குள் இரண்டாகக் கிழிப்பது அவர் உதட்டில் தெரிந்தது. கசிமிரா காத்திருந்தாள். பத்து எண்ணும் நேரத்துக்கு மேலேயே ஆகியிருக்கும்.

"முக்கால்" என்றார்.

"மிக நன்று" என்றாள் கசிமிரா.

அரைத் துண்டைக் குழந்தை விழுங்கியதும், நசாரியோ அவளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார். தொப்பியைச் சரிசெய்தார். "இது எனக்குச் சொன்னதுதானே?" என்று கேட்டார்.

"இங்க வேற யாரு இருக்கா?"

அவர் சுற்றிப் பார்த்தார். அலமாரியும் பெட்டியும்தான் இருந்தன. சரி என்று சொல்லிவிட்டு, பரீட்சைக்கு மறுபடி எப்போது பெயர் கொடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டு போனார்.